விதைமரமும் ஒட்டுமரமும்: கெடா ரப்பர் தோட்டங்களில் ஒரு வேளாண் மாற்றத்தின் வரலாறு

1. ஆய்வின் பொருள்

ஸ்பெயின் நாட்டின் தோரோ, ஹுமியா ஆகிய வட்டாரங்களில் நூறு வயதை எட்டிய, ஒட்டுக் கட்டப்படாத திராட்சைக் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. அவற்றின் பழத்திலிருந்து எடுக்கும் செறிந்த சிவப்பு ஒயினுக்கு உலகச் சந்தையில் தனி விலை உண்டு. கொடியின் வயதும் அது தன் வேரிலேயே நிற்பதும் புட்டியின் மேல் பெருமையாக அச்சிடப்படுகின்றன. மலேசியாவின் கெடா மாநிலத்திலும் ஒட்டுக் கட்டாத பயிர் ஒன்று அரை நூற்றாண்டுக்கு மேல் நிலத்தை நிறைத்து நின்றது. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விதையிலிருந்து முளைத்து வளர்ந்த முதல் தலைமுறை ரப்பர் மரங்களே அவை. அவற்றை யாரும் போற்றி வைக்கவில்லை. விளைச்சல் குறைந்தது என்று கணக்கெழுதி, வேரோடு பெயர்த்து, அந்த இடத்தில் ஒட்டுக் கன்றுகளை நட்டார்கள்.

ஒரே வேளாண் நுட்பம் இரண்டு பயிர்களில் இப்படி எதிரெதிரான முடிவுகளுக்கு எப்படிக் கொண்டுபோய்விட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரு பழைய மரத்தின் மதிப்பை அதன் வேரோ வயதோ மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் விளைபொருள் எந்த அளவுகோலால் விற்கப்படுகிறது என்பதே தீர்மானிக்கிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. கெடாவில் அந்த அளவுகோலின் பாரத்தை மரத்தோடு சேர்த்துச் சுமந்தவர்கள் தமிழ்த் தோட்டப் பாட்டாளிகள். ஆகவே ஒட்டு வந்த கதை அவர்களுடைய வரலாற்றின் பகுதியும் ஆகிறது.

2. மணல் காப்பாற்றிய கொடிகள்

ஒப்பீட்டுக்கு முதலில் திராட்சையின் கதை. 1860களில் தென் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. வேரைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும் ஃபிலாக்சரா என்ற நுண்ணிய பூச்சியே காரணம் என்று 1868இல் பிளாஞ்சோன் உள்ளிட்ட அறிஞர்கள் கண்டறிந்தார்கள். பூச்சியின் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள காட்டுத் திராட்சை வகைகள் பன்னெடுங்காலம் அதனோடு வாழ்ந்து பழகியவை. அவற்றின் வேர் கடியைத் தாங்கும். ஐரோப்பியக் கொடிக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. பல மருந்துகளை முயன்று பார்த்த பிறகு, அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியத் தண்டை ஒட்டுவதே நிலைத்த தீர்வு என்று முடிவாயிற்று. ஐரோப்பா முழுவதும் கொடிகள் பிடுங்கப்பட்டு ஒட்டுக் கொடிகள் நடப்பட்டன. ஸ்பெயினில் பூச்சி 1878இல் மாலகாவில் கால்வைத்தது.

அதன் பாதையில் சில இடங்கள் தப்பின. மணல் மிகுந்த மண்ணில் அந்தப் பூச்சியால் வேருக்கு வேர் நகர முடிவதில்லை. மணல் துகள்கள் சரிந்து வழியை மூடிவிடுகின்றன. துவேரோ ஆற்றங்கரையிலுள்ள தோரோவின் மணற்பாங்கான நிலங்களில் பழைய கொடிகள் அழியாமல் நின்றதற்கு இதுவே காரணம். தெற்கே ஹுமியாவிலும் மணற்பாங்கான நிலம் நெடுநாள் காவலாக இருந்தது. அங்கே பூச்சி பரவிப் பேரழிவு செய்தது 1989இல்தான். அதற்குப் பிறகும் சில மணல் நிலங்களில் ஒட்டில்லாத மொனாஸ்த்ரெல் கொடிகள் எஞ்சியுள்ளன.

தோரோவில் வளர்வது தெம்ப்ரனீயோ வகையின் வட்டார வடிவம். அவ்வூர்ப் பெயராலேயே தின்தா தே தோரோ எனப்படுகிறது. மழை குறைவு, கோடை கடுமை, கொடிக்கும் கொடிக்கும் இடையே பல அடி இடைவெளி, தாங்குகம்பி இல்லாமல் குட்டைப் புதராக வளர்க்கும் முறை எல்லாம் சேர்ந்து கொடிக்குச் சில குலைகளே தருகின்றன. பழம் சிறிது, தோல் தடிப்பு. எனவே ஒயினில் நிறமும் துவர்ப்பும் சாராயச் சத்தும் கூடுகின்றன. 14, 15 விழுக்காட்டுச் சாராயம் அங்கே இயல்பு. இந்த வலிமை முழுவதையும் ஒட்டில்லாத வேருக்கே வரவு வைப்பது சரியாகாது. தட்பவெப்பமும் குறைந்த விளைச்சலும் முதிர்ந்த வயதும் அதில் பங்கு கொள்கின்றன.

நெடுங்காலம் இந்த ஒயின் ஊருக்குள் குடிக்கும் முரட்டுச் சரக்காகவே இருந்தது. 1987இல் தோரோவுக்குத் தனிப் பிறப்பிட முத்திரை கிடைத்தது. 1998இல் எகுரென் குடும்பத்தார் அங்கே நுமாந்தியா என்ற ஒயின் நிலையத்தைத் தொடங்கிப் பழங்கொடிகளின் பழத்தையே மையமாக வைத்தார்கள். பத்தே ஆண்டில், 2008இல், பிரான்சின் ஆடம்பரப் பொருள் நிறுவனமான எல்விஎம்எச் அதை வாங்கியது. குறைந்த விளைச்சல் என்ற குறையே அரிய பொருள் என்ற நிறையாக மாறிவிட்டது. ஊர்ப் பெயரும் கொடியின் வயதும் நுகர்வோரின் கைவரை செல்லக்கூடிய பொருளாக ஒயின் இருந்ததால்தான் அந்த மாற்றம் நடந்தது.

3. கெடாவுக்கு விதை வந்த வழி

ரப்பர் மரத்தின் கதை 1876இல் தொடங்குகிறது. அமேசானின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஹென்றி விக்காம் ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் கொண்டுவந்து சேர்த்தார். அவற்றில் முளைத்தவை 2,700 அளவே. கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகர் ஹியூ லோவின் வளவில் நடப்பட்டன. தீபகற்பத்தின் கோடிக்கணக்கான ரப்பர் மரங்களுக்கு இந்தச் சிறு கூட்டமே மூலம். 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்துக்குச் சேதமில்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார்.

அந்நாளில் தெற்குக் கெடாவில், குறிப்பாகக் கூலிம் பகுதியில், சீனர் முதலீட்டில் மரவள்ளித் தோட்டங்கள் பரவியிருந்தன. எல்லைக்கு அப்பால் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் தமிழர் பல பத்தாண்டுகளாக உழைத்து வந்தனர். 1909ஆம் ஆண்டின் ஆங்கில–சயாம் ஒப்பந்தத்தால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் செல்வாக்குக்குள் வந்தது. மறு ஆண்டு லண்டனில் ரப்பர் விலை ராத்தலுக்கு 12 ஷில்லிங்குக்கு மேல் ஏறியது. மோட்டார் வாகன டயருக்கு உலகம் கைநீட்டிக்கொண்டிருந்த வேளையில் கெடாவின் நிலம் திறந்துவிடப்பட்டது. பிறையிலிருந்து வடக்கே சென்ற இரயில் பாதை 1915இல் அலோர்ஸ்டாரை எட்டியது. அந்தப் பாதையை ஒட்டிக் காடு அழிந்து ரப்பர் எழுந்தது.

உழைக்கும் கைகள் தமிழகத்திலிருந்து வந்தன. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியின் உதவியோடு, கங்காணிகள் தங்கள் ஊர்களுக்கே திரும்பிப் போய் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினம், ஆவடி முகாம்களில் தங்கிக் கப்பலேறி, பினாங்குக்கு அருகே புலாவ் ஜெரெஜாக் தீவில் தொற்றுத் தடுப்புக் காவலில் இருந்துவிட்டுத் தோட்டம் சேர்ந்தவர்கள் ஏராளம். பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டம், கூலிம் பக்கம் டப்ளின் தோட்டம் போன்றவை ஊர் அளவுக்குப் பெரியவை. இவ்விரண்டும் அமெரிக்க ரப்பர் நிறுவனத்தின் மலாயாக் கிளைக்கு உரியவை. ஹார்வர்டின் பிரிவுகளை இன்றும் ஹார்வர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் 1, 2, 3 என்னும் பெயர்கள் பதிந்து வைத்துள்ளன.

4. விதைமரக் காடும் பால்வெட்டும்

முதல் தலைமுறைத் தோட்டங்கள் முழுக்க விதை நட்டு வளர்த்தவை. இங்கே திராட்சைக்கும் ரப்பருக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். ஒட்டில்லாத திராட்சைக் கொடியும் விதையிலிருந்து வருவதில்லை. தண்டை வெட்டி ஊன்றுவதால் அது தாய்க்கொடியின் மறுபதிப்பாகவே வளரும். ஒட்டில்லாத ரப்பர் மரமோ அயல் மகரந்தத்தால் உண்டான விதையின் பிள்ளை. ஒரே மரத்தின் கீழ் பொறுக்கிய விதைகள்கூட ஒன்றுபோல் வளர்வதில்லை. ஆகவே விதைமரக் காட்டில் ஒவ்வொரு மரமும் தனி மரம். ஒன்றின் பட்டை தடிப்பு, இன்னொன்றின் பட்டை மெலிவு. ஒன்று மங்கு (பால் ஏந்தும் கிண்ணம்) நிரம்ப வடிக்கும், பக்கத்து மரம் அடிமங்கை நனைப்பதோடு நிற்கும். ஜி. எஸ். விட்பி 1919இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டை எண்களால் காட்டியது: சிறுபான்மை மரங்கள் மொத்தப் பாலில் தங்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சிய பங்கைத் தந்தன.

அந்த உண்மை பால்வெட்டுத் தொழிலாளிக்கு உள்ளங்கையில் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய், இருட்டோடு நிரையில் இறங்கி, 300 முதல் 500 மரங்கள் வரை வெட்டி, வெயிலேறுமுன் பாலைச் சேர்த்துக் காண்டா வாளியில் (தோள்கம்பில் தொங்கும் வாளியில்) சுமப்பது அவர் வேலை. விடியற்காலையில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பாலும் நன்றாக ஓடும். பால் ஓடும் குழல்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்த சுருளாக ஏறுகின்றன. அதனால் இடப்பக்கம் மேலும் வலப்பக்கம் கீழுமாகச் சரித்து வெட்டினால் அதிகக் குழல்கள் திறக்கும். கத்தி ஆழமாகப் போனால் மரத்தின் வளர்திசு காயப்பட்டு, புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மேலோட்டமாகப் போனால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் அடங்கும் இந்தக் கணக்கை விளக்கொளியில், நூற்றுக்கணக்கான முறை, கைப்பழக்கத்தாலேயே சரிபார்த்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு மரமும் வேறாக இருந்த காட்டில் அந்தப் பழக்கம் ஒவ்வொரு மரத்தின் சுபாவத்தையும் தனித்தனியே அறிந்திருக்க வேண்டியிருந்தது.

விதைமரத்தின் உடலமைப்பு தொழிலாளியின் உடலையும் வளைத்தது. விதைமரம் அடி பருத்து மேலே போகப் போகச் சிறுக்கும். தடித்த பட்டையும் மிகுந்த பாலும் அடிமரத்தில்தான் இருக்கும். அதனால் தரையிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உயரத்திலேயே வெட்டைத் தொடங்குவார்கள். வெட்டு நாளுக்கு நாள் கீழிறங்கும். தொழிலாளி முழங்காலுக்கும் கீழே குனிந்து வேலை செய்ய வேண்டும். ஒட்டுமரத்தின் தண்டு தூண்போல் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருப்பதால் 125 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கலாம். பின்னாளில் காடு மாறியபோது தொழிலாளியின் முதுகு அறிந்த முதல் மாற்றம் இதுதான்.

5. தாய்மரத் தேர்வும் மொட்டு ஒட்டும்

சில மரங்களே மிகுந்த பால் தருகின்றன என்பது விட்பியின் ஆய்வுக்கு முன்பே தோட்ட அனுபவத்தில் தெரிந்திருந்ததால், அந்தச் சில மரங்களையே பெருக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. விடை ஜாவாவிலிருந்து வந்தது. பொய்தென்சோர்க் தாவரவியல் பூங்காவில் வான் ஹெல்டன் 1915–16 வாக்கில் ரப்பருக்கு மொட்டு ஒட்டு முறையைச் செம்மைப்படுத்தினார். போதே, தாஸ் போன்ற தோட்டக்காரர்களும் அம்முயற்சியில் பங்கெடுத்தார்கள். முறை எளிதாகச் சொல்லக்கூடியது. ஒன்று முதல் ஒன்றரை வயதுள்ள விதைக் கன்றின் அடிப்பட்டையைச் சிறு சாளரம்போல் திறந்து, தேர்ந்த மரத்தின் கிளையிலிருந்து எடுத்த மொட்டுப் பட்டையை அதில் பொருத்திக் கட்டுவார்கள். மூன்று வாரம் கழித்து அவிழ்த்து, மொட்டு பிடித்திருந்தால் கன்றின் தலையை வெட்டிவிடுவார்கள். அதன்பின் வேர் மட்டும் விதைக்கன்றுடையது. தண்டு, கிளை, பால் எல்லாம் தாய்மரத்துடையவை.

திராட்சையில் ஒட்டு வேருக்காக வந்தது. மேலே பழைய கொடி அப்படியே இருக்க, கீழே பூச்சியைத் தாங்கும் வேர் தேவைப்பட்டது. ரப்பரில் ஒட்டு தண்டுக்காக வந்தது. வேருக்கு அப்படியோர் ஆபத்து இல்லை. பாலைக் கூட்ட வேண்டும் என்பதே நோக்கம். திராட்சையில் அது உயிர் காக்கும் வழி, ரப்பரில் இலாபம் பெருக்கும் வழி. இதனால்தான் ஸ்பெயினில் ஒட்டு வேண்டாத இடத்தில் பழங்கொடிகள் நிம்மதியாக நின்றன. கெடாவிலோ நல்ல உடல்நலத்தோடு நின்ற விதைமரங்களும் வெட்டப்படுவதற்குக் காரணம் இருந்தது.

பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள மேடானின் ஆவ்ரோஸ் ஆய்வு நிலையம் 1920களில் தன் பெயரிலேயே எண்ணிட்ட வகைகளை வெளியிட்டது. அவை நீரிணையைக் கடந்து மலாயாவுக்கும் வந்தன. சிலாங்கூரில் முன்னாள் ராணுவ அதிகாரிகள் 1921இல் பிராங் பெசார் தோட்டத்தைத் தொடங்கித் தாய்மரத் தேர்வையே தொழிலாக்கினார்கள். இன்றைய புத்ராஜெயா அமைந்திருப்பது அந்த நிலத்தில்தான். மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1926 முதல் இயங்கியது.

தொடக்கத்தில் துரைமார் பலருக்கு ஒட்டுமரத்தின் மேல் நம்பிக்கை இல்லை. மரம் நீண்ட நாள் நிற்குமா, பட்டை மீண்டும் தடித்து வளருமா, காற்றுக்கு முறியுமா என்ற ஐயங்கள் அன்று நியாயமானவை. தாய்மரத் தேர்வுக்கோ பொறுமை வேண்டியிருந்தது. ஒவ்வொரு மரத்தின் பாலையும் தனித்தனியே சேர்த்து, மாதக்கணக்கில் அளந்து பதிந்தால்தான் எது நிலையாகப் பால் தரும் மரம் என்று சொல்ல முடியும். அந்த ஏடுகளில் கையொப்பம் அதிகாரியுடையது; அளவுக்கு வந்த பாலை எடுத்தது பால்வெட்டுத் தொழிலாளியின் கை. தாய்மரங்களுக்கு எண்ணும் பெயரும் கிடைத்தன. அவற்றை வெட்டியவர்களின் பெயர்களை எந்த ஏடும் எழுதிவைக்கவில்லை. ரப்பர் அறிவியலின் வரலாறு இந்தக் கடனை இன்னும் தீர்க்கவில்லை என்றே கருதுகிறேன்.

6. கட்டுப்பாடு, போர், எழுச்சி

விலைவீழ்ச்சியைத் தடுக்க, ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டம் 1922இல் வந்தது, 1928இல் கைவிடப்பட்டது. 1934இல் பல நாடுகள் சேர்ந்து ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்தன. அதன்படி புது நிலத்தில் நடவு ஏறத்தாழத் தடுக்கப்பட்டது. பழைய காட்டை அழித்து மறுநடவு செய்ய வரம்புக்குட்பட்ட அனுமதி இருந்தது. பெருந்தோட்டத்துக்கு இது வசதி. ஒரு பகுதியை அழித்து ஒட்டு நட்டு, ஏழாண்டு காத்திருந்து, மற்றப் பகுதியின் பாலில் காலம் தள்ளலாம். சில ஏக்கர் மட்டுமே வைத்திருந்த பாலிங், சிக் பகுதிச் சிறுதோட்டக்காரருக்கு அந்தக் காத்திருப்பு பட்டினிக்குச் சமம். பொருளியலாளர் பி. டி. பவர் 1948இல் வெளியிட்ட நூலில், கட்டுப்பாட்டுத் திட்டம் சிறுதோட்டக்காரரைப் பாதித்ததை விரிவாக எடுத்துக்காட்டினார். ஒட்டுமரம் வசதியுள்ளவனின் மரமாகவும் விதைமரம் இல்லாதவனின் மரமாகவும் பிரிந்தது இக்காலத்தில்தான்.

1938இல் இந்திய அரசு உதவிபெற்ற ஆள்சேர்ப்பை நிறுத்தியது. 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோற்றுப் பின்வாங்க, கெடா ஜப்பானியர் வசமாயிற்று. 1943இல் தாய்லாந்திடம் ஒப்படைக்கப்பட்டது. ரப்பருக்குச் சந்தை இல்லை. உணவுக்காகச் சில இடங்களில் மரம் அழித்து மரவள்ளி நட்டார்கள். மற்ற இடங்களில் பல காடுகள் வெட்டின்றி ஓய்வெடுத்தன. வெட்டிய பட்டை மீண்டும் தடித்தது. மரம் இளைப்பாறிய அதே ஆண்டுகளில் அதை வெட்டிய மனிதர்கள் சயாம்–பர்மா மரண இரயில் பாதைக்குக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். சுங்கைப்பட்டாணி எழுத்தாளர் கோ. புண்ணியவானின் ‘கையறு’ நாவல் அந்தத் துயரத்தைப் பேசுகிறது.

போர் முடிந்து திரும்பிய சமூகம் பழைய சமூகமாக இல்லை. 1946–47இல் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளுக்கு எதிராகவும் உழைப்பாளரின் தன்மானத்துக்காகவும் தெற்குக் கெடாத் தோட்டங்களைத் திரட்டியது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையோடு மோதல்கள் நேர்ந்தன. 1948 ஜூனில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் அந்த எழுச்சியின் மேல் கதவைச் சாத்தியது. மறுநடவின் பெரும்பொழுது தொடங்கும்போது, அதைக் குறித்துத் தொழிலாளரைக் கலந்து பேசும் வலுவான அமைப்பு கெடாவில் இல்லாமல் போனதற்கு இந்த அடக்குமுறையும் காரணம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல்தான் உருவானது.

7. மறுநடவுக் காலம்

போருக்குப் பின் செயற்கை ரப்பர் நிலையான போட்டியாளராக எழுந்தது. ஏக்கருக்கு 400, 500 ராத்தல் தந்த விதைமரத்தை வைத்துக்கொண்டு அதனோடு விலையில் மோத முடியாது என்பது தெளிவாயிற்று. ஏற்றுமதி ரப்பரின் மேல் தீர்வை பிடித்து, அதிலிருந்து மறுநடவுக்கு நிதி தரும் ஏற்பாடு 1952இல் வந்தது. 1954இல் முடி என்பவர் தலைமையில் வந்த தூதுக்குழு மறுநடவை இன்னும் விரைவாக்கச் சொன்னது. 1973இல் அமைந்த ரிஸ்டா நிறுவனம் அதைச் சிறுதோட்டக்காரரின் வாசல்வரை கொண்டுசென்றது.

நடப்பட்ட வகைகளில் நெடுநாள் நிலைத்த பெயர் ஆர்ஆர்ஐஎம் 600. ஆய்வுக் கழகம் 1937 முதல் செய்த கலப்புகளில் பிறந்தது அது. நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு 1,500 முதல் 2,000 கிலோ வரை தந்தது. பழைய விதைமரத்தின் மூன்று மடங்கு. அதன் பெற்றோர் இருவர்: ஜாவாவின் ஜீர் 1, பிராங் பெசாரின் பிபி 86. இரண்டும் விதைமரக் காடுகளில் தேர்ந்தெடுத்த தாய்மரங்களிலிருந்து மொட்டு எடுத்து உருவானவை. அதாவது விதைமரத்தை வெளியேற்றிய ஒட்டுமரத்தின் பாட்டி ஒரு விதைமரமே.

அழிக்கத் தீர்மானித்த காட்டில் கடைசி ஆண்டுகள் கொடியவை. எப்படியும் வெட்டப்போகிற மரம் என்பதால் பட்டையைக் காப்பாற்றும் கவலை விட்டுப்போகும். ஏணி வைத்து உயர்ந்த தண்டிலும் வெட்டுவார்கள். ஒரே மரத்தில் இரண்டு மூன்று வெட்டுக் கோடுகள் திறப்பார்கள். 1970களில் எத்தஃபோன் என்ற ஊக்கி மருந்து பட்டையில் பூசப்பட்டது. இருக்கிற பால் முழுவதும் வடிந்தபின் மரம் சாய்க்கப்படும். நூறு வயதுத் திராட்சைக் கொடிக்கு முதுமையில் மதிப்பு கூடுகிறது. முப்பது வயது ரப்பர் மரத்துக்கு முதுமை மரண ஓலையாகிறது. பழைய மரத்தின் பாலும் புதிய மரத்தின் பாலும் ஆலையில் ஒரே தொட்டியில் கலக்கின்றன. டயர் வாங்குபவர் எந்தத் தோட்டத்துப் பால், எவ்வளவு வயது மரம் என்று கேட்பதில்லை. எடையும் தரச்சான்றும் மட்டுமே விலையாகின்றன.

தொழிலாளருக்கு மறுநடவு இருமுகம் காட்டியது. ஒட்டுக் காட்டில் நின்றபடி வெட்டலாம், பாலும் மிகுதி. ஆனால் மிகுந்த பாலைச் சுமந்து பால் கொட்டகை சேர்க்க வேண்டியவரும் அவரே. எந்தக் காட்டுக்கு எவ்வளவு பால் அளவுகோல், அதற்கு மேல் ராத்தலுக்கு எத்தனை காசு என்பது சங்கப் பேச்சுவார்த்தைகளின் தொடர்ந்த பொருளாயிற்று. மறுநட்ட காடு வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் காட்டின் நிரைகள் இல்லை. வேறு பிரிவில் வேலை கிடைக்காத குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

இன்னொரு பக்கம், மறுநடவுச் செலவை ஏற்க விரும்பாத வெளிநாட்டு உரிமையாளர் சிலர் பழைய மரக்காடுகளோடு தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுவிற்பனை செய்தார்கள். 1950களிலும் 60களிலும் நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்த பொருளியலாளர் ஊங்கு அசிஸ், வேலையும் வீடும் ஒருங்கே இழந்த தொழிலாளரின் நிலையைப் பதிவு செய்தார். அந்த நெருக்கடிக்கு விடையாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். மரத்தின் வயது உரிமையாளருக்கு விற்பனைக் காரணமாக இருந்த நேரத்தில், அதே மண்ணில் தங்களுக்கு ஓர் எதிர்காலத்தைக் கண்டவர்கள் பாட்டாளிகள். மறுநடவு வரலாற்றில் இந்தப் பக்கம் பொன்னெழுத்தில் வைக்கத்தக்கது.

8. ஒட்டு தந்ததும் பறித்ததும்

ஒட்டு இல்லாதிருந்தால் மலேசிய ரப்பர் 1960களிலேயே செயற்கை ரப்பரிடம் தோற்றிருக்கும். அந்த நுட்பத்தின் சாதனையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. அதே வேளையில் அதன் விலையையும் சொல்ல வேண்டும். ஒரே வகையை ஒட்டிய காட்டில் எல்லா மரமும் மரபில் ஒன்று. ஒன்றைத் தாக்கும் நோய் அத்தனையையும் தாக்கும். தென்னமெரிக்க இலைக்கருகல் நோயால் ஃபோர்டு நிறுவனம் பிரேசிலில் 1928 முதல் உருவாக்கிய ஃபோர்ட்லாண்டியா தோட்டம் பாழானது. அந்தப் பூஞ்சை இன்னும் ஆசியாவுக்குள் வரவில்லை. வந்தால் தாங்கும் மரபு, விக்காம் கொணர்ந்த சிறு கூட்டத்தின் வாரிசுகளிடம் போதிய அளவில் இல்லை. தீபகற்பத்தின் மரபுத் தளம் முதலிலேயே குறுகியது. ஒட்டு அதை மேலும் குறுக்கியது.

இந்த ஆபத்தை உணர்ந்தே 1981இல் பன்னாட்டு ரப்பர் ஆய்வு வாரியமும் பிரேசிலும் இணைந்து அக்ரே, ரொண்டோனியா, மாத்தோ குரோசோ மாநிலக் காடுகளில் ஏறத்தாழ 65,000 விதைகளைத் திரட்டின. ஒரு பகுதி மலேசியாவுக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஒட்டுவேளாண்மைக்குப் பிறகு, எதிர்காலத்துக்காக மீண்டும் விதையையே தேடிப் போக வேண்டியிருந்தது. ஆய்வாளர்களுக்கும் இது புதிய பாடம் இல்லை. தேர்ந்த வகைகளைத் தனித்த தோப்பில் கலக்கவிட்டுப் பெற்ற பிராங் பெசார் விதைகள், மறுநடவின் உச்சத்திலும் மலாயாத் தோட்டங்களில் நடப்பட்டன. ஒட்டும் விதையும் ஒன்றுக்கொன்று துணை என்பதை அம்முயற்சி அன்றே காட்டியது.

9. முடிவுரை

ஸ்பெயினின் பழங்கொடியும் கெடாவின் விதைமரமும் ஒரே நுட்பத்தைச் சந்தித்தன. முன்னதன் பொருள் ஊர்ப் பெயரோடும் வயதோடும் விற்றது. பின்னதன் பொருள் எடையில் கரைந்தது. ஆகவே ஒன்று பாரம்பரியம் ஆயிற்று, மற்றது கழிவு ஆயிற்று. மரத்தின் உண்மைத் தகுதிக்கும் சந்தை தரும் தகுதிக்கும் உள்ள இடைவெளியை இந்த ஒப்பீடு அளந்து காட்டுகிறது.

கெடாவில் இன்று ரப்பர் பெரும்பாலும் சிறுதோட்டக்காரர் கையில் இருக்கிறது. பெருந்தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சுங்கைப்பட்டாணியைச் சுற்றிய நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இந்நிலையில் இரண்டு வேலைகள் உடனே செய்யத்தக்கவை. முதலாவது, எங்காவது ஆற்றோரத்திலோ கம்பத்து எல்லையிலோ எஞ்சி நிற்கும் முதல் தலைமுறை விதைமரங்களைக் கணக்கெடுத்து, அவற்றின் விதையையும் மொட்டையும் மரபுச் சேமிப்பில் சேர்ப்பது. விளைச்சல் குறைவு என்று ஒதுக்கப்பட்ட மரத்தில் நோய் தாங்கும் தன்மை இருக்கக்கூடும். அன்றைய தேர்வு பாலை மட்டுமே அளந்தது. இரண்டாவது, விதைமரக் காட்டில் வெட்டிப் பழகிய கடைசித் தலைமுறையினர் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் அறிவை அவர்கள் சொல்லிலேயே பதிவது: எந்தப் பட்டை எப்படி நடந்துகொள்ளும், எந்த மழைக்குப் பின் எத்தனை நாள் பால் நீர்க்கும், ஓய்வு கொடுத்த மரம் எப்படித் திரும்பும் என்பன போன்றவை. சீ. முத்துசாமி போன்ற கெடா எழுத்தாளர்கள் தோட்ட வாழ்வைப் புனைவில் காத்துத் தந்திருக்கிறார்கள். அந்த வாழ்வின் தொழில்நுட்ப அறிவைக் காப்பது ஆய்வாளரின் கடமை. தமிழ்ப்பள்ளிகளும் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைகளும் தோட்டவாரியாக இதைத் தொடங்கினால், மலேசிய வேளாண் அறிவியலின் வரலாற்றில் தமிழ்த் தொழிலாளி உழைப்பாளியாக மட்டுமன்றி அறிவுப் பங்காளியாகவும் இடம்பெறுவார். சான்றுகள் அந்த இடம் அவருக்கு உரியது என்றே சொல்கின்றன.